தங்கவயலில் பத்திரிகை நடத்தியவர்கள்



அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரையை இந்த ஆண்டு இங்கே நடத்துவது என்று மன்றம் முடிவெடுத்தபோது, பண்டிதருக்கும் முத்தாபுதுப்பேட்டைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். அவர் வாழ்ந்தது ராயப்பேட்டையில். நாம் கூடியிருப்பது விமானப்படை நிலையத்தின் மதிலை ஒட்டிய ஊரில். நேரடித் தொடர்பு எதையும் நான் இட்டுக்கட்டப் போவதில்லை. (பண்டிதரின் மகன் பெயர் பட்டாபிராமன். நமக்கு அடுத்த ரயில் நிலையம் பட்டாபிராம். அது வெறும் பெயர் ஒற்றுமைதான். யாரும் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.) ஆனால் ஒரு தொழில்நகரம் தன் மக்களை எப்படிப் பார்க்கிறது என்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆவடி எப்படி ஆவடியானது என்று புத்தகங்களில் தேடுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவக் கிடங்குகள் வரும். 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடும், சோசலிச பாணி சமுதாயம் என்ற அதன் தீர்மானமும் வரும். 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை வரும். 1965இல் வெளிவந்த விஜயந்தா, பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று டாங்கிகளின் பெயர்கள் வரிசையாக வரும். அம்பத்தூர் பக்கம் போனால் 1949இல் வந்த சைக்கிள் கம்பெனி, பிறகு டன்லப், 1960களில் தொழிற்பேட்டை. இந்தப் பட்டியலில் இயந்திரங்களுக்குப் பெயர் உண்டு. அவற்றைச் செய்தவர்களுக்கு டோக்கன் எண் உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து பாட்டுக் கட்டியவர், அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நாடகம் எழுதியவர், இரவுப் பள்ளி நடத்தியவர், கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவந்தவர் யாரும் அதில் இல்லை. அப்படி யாரும் இருக்கவில்லை என்று சொல்ல இந்த அவையில் ஒருவருக்கும் வாய் வராது. உங்கள் அப்பா, தாத்தா, சித்தப்பா பெயர்கள் இப்போதே உங்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

பக்கத்துக் கார்லப்பாக்கத்திலிருந்து ஓர் இளைஞர் சென்னை கவின்கலைக் கல்லூரிக்குப் போனார். 2012இல் 'அட்டகத்தி' எடுத்தார். அதற்குப் பிறகுதான் பா. ரஞ்சித்தின் ஊர் எது என்று நகரம் விசாரித்தது. நான் அவரை இங்கே இழுப்பது பெருமை பேசுவதற்காக இல்லை. ஒருவரைக் கண்டுகொண்ட நகரம் அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. அது வேறு வகையான பாராமுகம். அவரே 2024இல் எடுத்த 'தங்கலான்' கோலார் தங்கவயல் பற்றியது. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து தங்கம் தோண்டப் போனவர்களின் கதை. கார்லப்பாக்கத்துக்காரருக்குத் தங்கவயல் மேல் என்ன அக்கறை? நம் வீட்டு வாசல் வழியாகப் போகும் தண்டவாளத்தைப் பார்த்தால் விளங்கும்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியது தென்னிந்தியாவின் முதல் ரயில். பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று போன அந்தப் பாதை பிறகு காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக மைசூர் ராஜ்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்று பவ்ரிங்பேட்டை என்று அழைக்கப்பட்ட பங்காருபேட்டையில் கிளை பிரிந்து மாரிகுப்பத்தில் போய் நின்றது. மாரிகுப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு மேல் போவதற்கு ஒன்றுமில்லை. கீழேதான் போக வேண்டும். சாம்பியன் ரீப், மைசூர், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள். சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டி இறங்கியது.

1880இல் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே வந்தது. நிலத்துக்குச் சொந்தமில்லாமல், பண்ணையாள் முறையில் கட்டுண்டு, பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்த வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதி மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பெரும்பாலோர் பறையர் சமூகத்தவர். கங்காணி கொடுத்த முன்பணம் ஒரு கயிறு, ஊர் ஆண்டையின் கடன் இன்னொரு கயிறு. இருந்தாலும் ஆண்டையின் கண்ணுக்கு எட்டாத இடம் ஒன்று கிடைத்தது. இது முக்கியம். தங்கவயலை நரகம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அங்கே பாறை வெடித்துச் சாவு வந்தது, நுரையீரலில் கல்தூசி படிந்து சாவு வந்தது, சுரங்கத்தை விட்டு மேலே வரும்போது உடலைச் சோதித்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கூலி காசாகக் கையில் வந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் கேட்க ஆளில்லை. அந்தச் சிறு இடைவெளியில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1907 ஜூன் 19, புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயராக வைத்த பத்திரிகை. யாரை மனத்தில் வைத்து நடத்தப்பட்டது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1845இல் பிறந்த பண்டிதருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே 1881 கணக்கெடுப்பின்போது நம்மைப் பூர்வத் தமிழர் என்று பதியச் சொல்லி வாதாடியவர்; 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டியவர்; 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். சித்த மருத்துவம் அவருக்குத் தொழில். பத்திரிகையில் சரித்திரம் எழுதினார், குறளுக்கு உரை எழுதினார், மருந்து எழுதினார், விவசாயம் எழுதினார், சுதேசி இயக்கத்தாரைக் கேள்வி கேட்டார்.

அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் யார்? சென்னை, ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்க் கூலிகள் போன இடமெல்லாம் வாசகர்கள் இருந்தார்கள். அவர்களில் முதுகெலும்பாக நின்றவர்கள் தங்கவயல் தொழிலாளர்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் ஏற்பட்டன. ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பது அக்கால வழக்கம். எழுத்துத் தெரியாதவரும் அங்கே வாசகர்தான். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயல் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு மின்சாரம் வந்ததே 1905இல்தான். இந்தியத் தொழில் வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி இது. தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு அந்த வெளிச்சம் வர நெடுங்காலம் பிடித்தது. எண்ணெய் விளக்கில் 'தமிழன்' படித்தார்கள் என்று கொள்ள வேண்டியதுதான்.

படித்ததோடு நிற்கவில்லை. மாரிகுப்பத்தில் சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகம் நடத்தினார்கள். பண்டிதரின் நூல்களை வெளியிட்டார்கள். சற்று நிறுத்தி யோசியுங்கள். அக்காலத்துச் சென்னையில் அச்சுக்கூடமும் புத்தகக்கடையும் பெரும்பாலும் யார் கையில் இருந்தன? படிப்பு, பணம், சாதி மூன்றும் உள்ளவர்கள் கையில். தண்டவாளம் முடியும் ஊரில், சுரங்கக் கூலியை நம்பிப் பிழைத்த சமூகம் புத்தகம் பதிப்பித்திருக்கிறது. பண்டிதர் 1914 மே 5 அன்று மறைந்தார். பட்டாபிராமன் சில காலம் இதழை நடத்தினார், பிறகு நின்றது. 1926இல் அதே 'தமிழன்' தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். (பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரை வேறு, இவர் வேறு. மாணவர்கள் இருவரையும் ஒன்றாக்கி எழுதுவதைப் பார்க்கிறேன். அந்தக் குழப்பத்துக்கே காரணம், ஒருவர் பாடப்புத்தகத்தில் இருக்கிறார், மற்றவர் இல்லை.) சென்னையில் அணைந்துபோன அடுப்பைத் தங்கவயல் ஊதிப் பற்றவைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதே ஆட்களைக் கம்பெனி எப்படிப் பார்த்தது? 1930இல் சுரங்கத் தொழிலாளர்களைப் பதிவுசெய்ய விரல்ரேகை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. திருட்டு அங்கே கம்பெனியின் தீராத பயம். அன்றைக்கு விரல்ரேகை என்றால் போலீஸ் கச்சேரி, கைதி, குற்றப்பரம்பரை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தங்களை நாம் நிறையப் படித்திருக்கிறோம். இதன் மையத்தில் இருந்தது மானம். நாலு வருஷமாக ஆசிரியர் தலையங்கம் எழுதும் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த சமூகத்திடம், மையில் விரலைத் தோய்த்து வை என்றால் என்ன நடக்கும்? பத்திரிகைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்டும் ஆவணம் என் கையில் இல்லை. ஆனால் 1911 கணக்கெடுப்பின்போது நம்மைப் பௌத்தர் என்று எழுதச் சொல்லுங்கள் என்று 'தமிழன்' வாராவாரம் சொல்லிப் பழக்கிய மக்கள் இவர்கள். பதிவேட்டில் நம்மை யார், எப்படி எழுதுவது என்பது அரசியல் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அம்பேத்கர் 1954இல் தங்கவயலுக்கு வந்தார். வெறும் நிலத்தில் விதைக்க வரவில்லை. அரை நூற்றாண்டாக உழுது வைத்திருந்த நிலத்துக்கு வந்தார்.

சரி, இவ்வளவும் எங்கே போயிற்று? நான் சமூகவியல் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் தொழில்மயமாதல் ஒரு தனித்தாள். தங்கவயல் அதில் வந்தது, சுரங்கத்தின் ஆழமும் தங்கத்தின் அளவுமாக. அப்பாதுரையார் வரவில்லை. வகுப்பில் கேட்டதற்கு, அது இலக்கியத்துறை பார்க்க வேண்டியது என்று பதில் வந்தது. தொழிலாளி என்றால் ஒரு துறை, எழுத்தாளர் என்றால் வேறு துறை. இரண்டும் ஒரே ஆள் என்றால் அவரை வைக்க அலமாரி இல்லை.

சினிமாவுக்கு வருவோம். 2018இல் வந்து இந்தியா முழுக்க ஓடிய கன்னடப் படத்தின் பெயரே கே.ஜி.எஃப். அதில் சுரங்கத் தொழிலாளர்கள் அழுக்கேறிய அடிமைகள். சங்கமில்லை, பௌத்தமில்லை, பத்திரிகையில்லை, பேசுகிற மொழிகூடத் தமிழ் இல்லை. வெளியிலிருந்து ஒரு நாயகன் துப்பாக்கியோடு வந்து மீட்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். கற்பனைக்கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் உலகம் முழுக்க அந்த மூன்று எழுத்துக்கு இன்று அதுதான் பொருள். 'தங்கலான்' மேல் எனக்கும் விமர்சனம் உண்டு. மந்திரமும் சாபமும் கலந்த சொல்முறை சில இடங்களில் வரலாற்றை மங்கலாக்குகிறது. ஆனால் தோண்டியவர்களுக்கு ஒரு பெயரும் ஒரு பழைய நினைவும் இருந்தன என்று அந்தப் படம் சொன்னது. அதற்கு ஆவடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் போக வேண்டியிருந்தது.

கம்பெனியும் கல்விக்கூடமும் சினிமாவும் மட்டுமா மறந்தன? தொழிற்சங்க வரலாற்றிலும் இதைக் கேட்க வேண்டும். நம் ரயில் பாதையில் பெரம்பூர் இருக்கிறது. பின்னி ஆலை. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியது இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கம். 1921 வேலைநிறுத்தம் அடுத்த பக்கம். அதில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள் என்று ஒரு வரி வரும். புளியந்தோப்பில் கலவரம், சேரி வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு என்று அடுத்த வரி. ஆதிதிராவிடரை நகரத்தை விட்டே அப்புறப்படுத்தலாம் என்ற யோசனை நீதிக்கட்சித் தரப்பிலிருந்து எழுந்தது, எம்.சி. ராஜா எதிர்த்து நின்றார். ஏன் வேலைக்குத் திரும்பினார்கள்? வேலை போனால் சாதி இந்துத் தொழிலாளிக்கு ஊரில் காணி இருந்தது, உறவு இருந்தது. சேரிக்காரருக்கு என்ன இருந்தது? சங்க மேடையில் அவருக்கு என்ன இடம் இருந்தது? இந்தக் கேள்விகளைக் கேட்காமலே நூறு ஆண்டுகளாகக் கருங்காலி என்ற சொல்லை அந்த மக்கள் மேல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதே பெரம்பூரில்தான் பேராசிரியர் லட்சுமி நரசுவின் பௌத்தப் பணியும் வேர்விட்டது. 1907இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலின் 1948 பதிப்புக்கு அம்பேத்கரே முன்னுரை எழுதினார். ஆலை வரலாறு எழுதியவர்கள் அந்த விகாரையின் வாசலை எட்டிப் பார்த்ததில்லை.

மீட்டெடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகம் மீட்கவில்லை, அரசு ஆவணக்காப்பகம் தேடி வரவில்லை. அன்பு பொன்னோவியம், தி.பெ. கமலநாதன் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். வீடுகளில், பெட்டிகளில், பரண்களில் குடும்பங்கள் அவற்றைக் காத்து வைத்திருந்தன. அவை கிடைத்ததால்தான் ஞான. அலாய்சியஸ் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. எண்பத்தைந்து ஆண்டு இடைவெளி. அதற்குப் பிறகுதான் 2005இல் தபால்தலை, தாம்பரம் சித்த மருத்துவமனைக்குப் பெயர், 2023இல் கிண்டியில் மணிமண்டபம். ஜெ. பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலில் 1869க்கும் 1943க்கும் இடையே வந்த தலித் இதழ்களைத் தேடித் தொகுத்தார். சொப்பனேஸ்வரி அம்மாள் என்ற பெண் 'தமிழ்மாது' என்று ஒரு பத்திரிகை நடத்தியது எத்தனை பேருக்குத் தெரியும்? பெண்கள் இதழியல் பற்றிப் பேசுகிற மேடைகளில் இந்தப் பெயரை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண் மலைகள் இன்றும் நிற்கின்றன. விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் கடை வேலைக்கும் போய் இரவில் திரும்புகிறார்கள். நம் ஊர் மின்சார ரயிலில் ஏறுகிறவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 1 முதல் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் பழைய வாரியத்தின் கீழ் இல்லை, கம்பெனியாகிவிட்டது. உடைத் தொழிற்சாலையும் அப்படியே. நிரந்தர வேலை என்று நம் தாத்தாக்கள் வாயிற்கதவுக்குள் நுழைந்த இடத்தில் ஒப்பந்த அட்டையோடு பேரப்பிள்ளைகள் நிற்கிறார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது வீட்டில் முதலில் எடைக்குப் போவது காகிதம்தான்.

அதனால் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். மிட்டனமல்லி, பாலவேடு, பட்டாபிராம், சேக்காடு, முத்தாபுதுப்பேட்டை. இந்த ஊர்களில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்பேத்கர் மன்ற ஆண்டுவிழா மலர், நாடக நோட்டீஸ், இரவுப் பள்ளி வருகைப்பதிவு, சங்கத்தில் சாதி பார்த்ததை எதிர்த்து எழுதிய மனுவின் நகல், பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகம், குத்துச்சண்டைப் போட்டிக்கு அடித்த துண்டறிக்கை, எது கிடைத்தாலும் போனில் படம் எடுங்கள். தேதி இருந்தால் தேதியும், அச்சகப் பெயர் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். அந்தக் காகிதம் எந்த வீட்டில் எப்படித் தங்கியது என்பதை வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். உடைத் தொழிற்சாலையில் தையல் மிஷினில் உட்கார்ந்த அம்மாக்களிடம் யாரும் இதுவரை எதையும் கேட்டதில்லை. யாரையும் அவசரப்படுத்த வேண்டாம். கொடுக்க மனமில்லை என்றால் வாங்கி வர வேண்டாம், பார்த்துவிட்டு வந்தால் போதும். எடைக்குப் போடுவதற்கு முன் மன்றத்துக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறோம்.